அருணகிரியாரின் ‘நான்’ யார்?

திருவண்ணாமலைக் கோயிலில் ராஜகோபுரத்தைத் தாண்டினால் கம்பத்து இளையனார் சன்னிதி. அடுத்து வல்லாள கோபுரம். அதையொட்டிக் கோபுரத்து இளையனார். இன்னும் உள்ளே போனால் கிளி கோபுரம். இந்தச் சிறு நடைக்குள் அருணகிரிநாதரின் வாழ்க்கை முழுவதையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இளமையில் பெண் பித்துப் பிடித்து அலைந்தார். குடும்பச் சொத்தைத் தாசி வீடுகளில் கரைத்தார். உடம்பில் நோய் கண்டது. கடைசியில் அக்காளிடமும் கை நீட்டினார். அவர் சொன்ன சொல் சுட்டது. வல்லாள கோபுரத்தின் மேலேறிக் குதித்தார். முருகன் தாங்கிக்கொண்டான், பாடச் சொன்னான்.

தமிழ்நாட்டில் இந்தக் கதை தெரியாதவர் குறைவு. 1964-இல் டி.எம்.சௌந்தரராஜன் நடித்த ‘அருணகிரிநாதர்’ படம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கோயில் மேடையிலும் பள்ளி விழாவிலும் சொல்லப்படுவது இதுதான். கெட்டவன் திருந்திய கதைக்கு என்றைக்கும் கேட்பவர் உண்டு.

கதைக்கு ஆதாரம் என்ன? அருணகிரிநாதரின் காலத்தில் எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறு ஏதும் நம்மிடம் இல்லை. அவர் வாழ்ந்தது 15-ஆம் நூற்றாண்டு. அதைக்கூட அவருடைய பாட்டு ஒன்றிலிருந்துதான் அறிகிறோம். பிரபுட தேவ மாராசன் என்ற அரசனின் பெயர் அதில் வருகிறது. விஜயநகரத்தின் இரண்டாம் தேவராயன் அவன் என்று அறிஞர்கள் கொண்டார்கள். வாழ்க்கைக் கதையைப் புராணமாகவே பாடியவர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள். அவர் 1839 முதல் 1898 வரை வாழ்ந்தவர். இடையில் நானூறு ஆண்டுகள். அந்த இடைவெளியைச் செவிவழிச் செய்தி நிரப்பியது. தாய் ஒரு தாசி என்றும், தந்தை பட்டினத்தார் என்றும்கூட ஒரு கதை உண்டு. ஆரணிப் பக்கத்து முள்ளண்டிரத்தில் வாழ்ந்த டிண்டிமக் கவிகளின் குடும்பத்தில் அருணகிரிநாதர் என்ற பெயருடைய சம்ஸ்கிருதப் புலவர் ஒருவர் இருந்தார். அவரும் இவரும் ஒருவரே என்று சிலர் எழுதினார்கள். அது நிலைபெறவில்லை.

கதைகள் எதிலிருந்து முளைத்தன என்பதில் மட்டும் பெரிய ஐயமில்லை. திருப்புகழிலிருந்துதான். இன்று கிடைக்கும் சுமார் 1,300 பாடல்களில் மிகப் பல, விலைமாதரின் மயலில் சிக்கி அழிந்தேன், என்னைக் காப்பாய் என்று முருகனிடம் முறையிடுகின்றன. முன்பாதியில் அந்த மயக்கம். பின்பாதியில் முருகனின் வீரம், வள்ளியின் காதல், ஊரின் அழகு. முடிவில் பெருமாளே என்ற விளி. முன்பாதியில் பேசும் ‘நான்’ அருணகிரியாரே என்று எடுத்துக்கொண்டார்கள். பாட்டு வாக்குமூலம் ஆயிற்று. வாக்குமூலத்திலிருந்து வழக்கும் தண்டனையும் மீட்சியும் உருவாயின.

இப்படி வாசிப்பது சரியா என்பதே இங்கே கேள்வி. அருணகிரியாருக்காக மட்டும் எழும் கேள்வியும் அல்ல இது. சமய நூல் எதையும் கையில் எடுக்கும் ஒவ்வொருவர் முன்னும் அது நிற்கிறது.

இதற்கான கருவியை வேறெங்கும் போய்த் தேட வேண்டியதில்லை. சங்க அகப்பாட்டைப் படிக்கிறவர் முதலில் பார்ப்பது இது யார் கூற்று என்பதைத்தான். தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா? யாரைப் பார்த்துச் சொன்னது? எந்தச் சூழலில்? தொல்காப்பியம் இதற்கு இலக்கணம் வகுத்தது. உரைகாரர்கள் பாட்டுக்குப் பாட்டு அதைக் குறித்து வைத்தார்கள். தலைவியின் ஏக்கத்தைப் பாடிய கபிலரைப் பெண் என்று யாரும் சொல்லவில்லை. பக்திப் பாடல்களுக்கும் இந்தப் பழக்கம் தொடர்ந்தது. நம்மாழ்வார் திருவாய்மொழியில் மகளாகப் பேசுகிறார், தாயாகப் பேசுகிறார், தோழியாகப் பேசுகிறார். ஒவ்வொரு இடத்திலும் ஆழ்வார் எந்த நிலையில் நின்று பேசுகிறார் என்பதை முதலில் தெளிவாக்கிவிட்டுத்தான் நம்பிள்ளையின் ஈடு என்ற உரை பொருள் சொல்லப் புகுகிறது. வைணவம் இந்த நுட்பத்தை இழக்காமல் காத்தது. முருக பக்தர்கள் அருணகிரியாரிடம் மட்டும் அதை ஏன் கைவிட்டார்கள்?

இதே ஊரோடு பிணைந்த இன்னொரு பெயரை எடுத்துக்கொள்ளலாம். மாணிக்கவாசகர் திருவெம்பாவையை அருளியது திருவண்ணாமலையில் என்பது மரபு; ஆதி அண்ணாமலையில் அவருக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. அவருடைய நீத்தல் விண்ணப்பத்தில் ஐம்பது பாடல்கள். என்னைக் கைவிட்டு விடாதே என்பதே எல்லாவற்றிலும் மன்றாட்டு. மாதர் மயக்கில் விழுந்தேன் என்ற முறையீடு அதில் திரும்பத் திரும்ப வருகிறது. தம்மை நாய் என்றும் சொல்லிக்கொள்கிறார். அதை வைத்து யாராவது அவருக்கு ஓர் ஒழுக்கம் கெட்ட இளமையைக் கட்டினார்களா? இல்லை. அவருக்குப் பாண்டியனின் அமைச்சர் பதவியும் குதிரை வாங்கிய கதையும் கிடைத்தன. அடியார் எல்லா மனிதரின் குற்றத்தையும் தம்மேல் ஏற்றிப் பாடுகிறார் என்று அங்கே சொன்னவர்கள், ஏறக்குறைய அதே தொனியில் பாடிய அருணகிரியாரைக் கோபுரத்தின் மேலிருந்து குதிக்க வைத்தார்கள்.

பக்திப் பாடலில் வரும் ‘நான்’ எல்லாமே வெறும் பாத்திரம்தான் என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. சுந்தரர் பாடலைப் பார்த்தால் தெரியும். குண்டையூரில் கிடைத்த நெல்லைத் தூக்கிவர ஆள் வேண்டும் என்று கோளிலிப் பெருமானிடம் கேட்கிறார். மனைவி பரவையின் பெயரைச் சொல்கிறார். கண் பார்வை போனதைச் சொல்லிச் சண்டை போடுகிறார். ஊர் இருக்கிறது, பொருள் இருக்கிறது, ஆள் இருக்கிறது. இவை ஒரு மனிதனின் வாழ்க்கையில் நடந்தவை என்ற உணர்வை அந்தப் பாடல்களே தருகின்றன. சேக்கிழார் அவற்றிலிருந்து வரலாறு எடுத்ததில் நியாயம் உண்டு.

திருப்புகழின் பெண்களுக்கோ பெயர் இல்லை. ஊர் இல்லை. ஒருத்தியை இன்னொருத்தியிடமிருந்து பிரித்துக் காட்டும் ஓர் அடையாளம்கூட இல்லை. கண்ணுக்கு வேலும் கயலும், கூந்தலுக்கு மேகம், இடைக்குக் கொடி என்று காவியங்களில் காலங்காலமாக வரும் வருணனைதான் இங்கும் வருகிறது. இதை அருணகிரியாரின் கூச்சம் என்றும் சொல்ல முடியாது. தாம் அறிந்த மனிதரைச் சொல்ல நினைத்தால் அவர் பெயர் சொல்லியே பாடுகிறவர். பழனிப் பாடல்களில் கலிசைச் சேவகனைக் குறிப்பிடுகிறார். சோமநாதன் மடத்தைப் பாடும்போது சோமநாதனைக் குறிப்பிடுகிறார். அரசனின் பெயரையும் சொன்னார். நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு நடந்து, அந்தந்த ஊர்ப் பெயரை வைத்துப் பாடியவர், தம்மைக் கெடுத்த பெண்ணைப் பற்றி மட்டும் ஒரு துளி விவரமும் தரவில்லை. இந்த இடத்தில் பேசுவது ஒரு தனி மனிதனின் நினைவு அல்ல, ஒரு மரபின் குரல் என்று கொள்வதற்கே பாடல்கள் இடம் தருகின்றன. அவர் அப்படி வாழ்ந்ததே இல்லை என்று இதனால் நிரூபணம் ஆகிவிடாது. வாழ்ந்தார் என்பதற்குப் பாடல் சாட்சி ஆகாது, அவ்வளவுதான்.

எப்படி வாசித்தால் என்ன, கதை நல்வழிப்படுத்தினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கதையில் பழி யார் மேல் விழுகிறது என்பதை அவர்கள் பார்க்க வேண்டும். பொருளைப் பறித்து, நோயைக் கொடுத்து, ஒரு ஞானியைச் சாவின் விளிம்புக்குத் தள்ளியவர்களாகக் கோயில் தாசிகள் அதில் நிற்கிறார்கள். உண்மையில் அந்தப் பெண்கள் யார்? பொட்டுக் கட்டப்பட்டபோது சிறுமிகளாக இருந்தவர்கள். தங்கள் வாழ்க்கையைத் தாங்கள் தேர்ந்துகொள்ள வழியில்லாதவர்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதியபோது, அந்த வீடுகளுக்குள் நடப்பதை உள்ளிருந்து அறிந்த ஒரு பெண்ணின் குரல் தமிழுக்குக் கிடைத்தது. பொட்டுக் கட்டுவதை எதிர்த்து முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தொடங்கிய போராட்டம் 1947-இல் சென்னை மாகாணச் சட்டமாக முடிந்தது. சட்டம் வந்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. மேடைக் கதையில் மட்டும் அந்தப் பெண் இன்றும் குற்றவாளிக் கூண்டிலேயே நிற்கிறாள். பாட்டை வாழ்க்கை வரலாறாக வாசித்ததன் விலை இது.

மரபின் குரல் என்று சொல்லி இதை மூடி மறைக்கவும் முடியாது. பெண்ணுடலை அழிவின் வாசலாகப் பார்க்கும் பார்வை அந்த மரபிலேயே இருக்கிறது. அருணகிரியாருக்கு முன்னும் இருந்தது, பின்னும் தொடர்ந்தது. அதைத் திறந்து பேசத்தான் வேண்டும். இன்று நடப்பதோ வேறு. பாராயணத்துக்கு அத்தகைய பாடல்கள் பெரும்பாலும் எடுக்கப்படுவதில்லை. சொற்பொழிவாளர் முன்பாதியை வேகமாகத் தாண்டிப் பின்பாதியின் முருகனிடம் போய்விடுகிறார். பாதிப் பாட்டைக் கேட்காத கூட்டம், அந்தப் பாதியிலிருந்து கட்டப்பட்ட கதையை மட்டும் முழுதாக நம்புகிறது.

ஒரு நூலுக்குள் எத்தனை வாசல்கள் உண்டு என்பதற்குத் திருப்புகழ் அச்சான வரலாறே சான்று. 1871-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் பெருமைக்கு ஆதாரமாக ஒரு திருப்புகழ்ப் பாடலைக் காட்டினார்கள். நீதித்துறையில் பணியாற்றிய வ.த.சுப்பிரமணிய பிள்ளையின் செவியில் அது விழுந்தது. அந்தச் சந்தமும் சொல்லும் அவரை விடவில்லை. ஊர் ஊராகப் போய் ஏடு தேடினார். 1890-களில் திருப்புகழை அச்சில் கொண்டுவந்தார். அவருடைய மகன் தணிகைமணி வ.சு.செங்கல்வராய பிள்ளை வாழ்நாளைச் செலவிட்டு உரை எழுதினார். அருணகிரிநாதர் வரலாற்றை ஆராய்ந்து தனி நூலும் எழுதினார். வழக்காடியவர்களுக்கு அது ஆவணம். பிள்ளைக்கு அது இசையும் தமிழும். வரலாற்று ஆசிரியருக்கு ஓர் அரசனின் காலக் குறிப்பு.

இன்னொருவருக்கு அது மந்திரம். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர், பழனிக்கு வந்து திருப்புகழில் மனம் பறிகொடுத்துத் துறவியானார். திருவண்ணாமலையில் ரமணரிடமும் சேஷாத்ரி சுவாமிகளிடமும் இருந்தார். உனக்குத் திருப்புகழே மகாமந்திரம் என்று சேஷாத்ரி சுவாமிகள் சொன்னதாக வரலாறு. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் என்று பின்னாளில் பெயர் பெற்றவர் அவர். டிசம்பர் 31-இல் திருத்தணியின் படிதோறும் திருப்புகழ் பாடி ஏறும் வழக்கம் அவரால் வந்தது. ஓசையே அருள் என்ற இந்த வழியும் ஒரு வாசிப்புத்தான். தாய்லாந்து அரசவைப் பிராமணர்களின் மார்கழிச் சடங்குக்குத் திருவெம்பாவை என்ற பெயரே திரிந்து வழங்குகிறது. அங்கே தமிழ்ப் பொருள் தெரிந்தவர் இல்லை. ஓசை கடல் தாண்டியும் பிழைத்துக் கிடந்தது.

பொருள் சொல்லும் உரிமை யாருக்கு என்ற வாதமும் இந்த மரபுக்குப் புதிதல்ல. திருவாசகத்துக்குப் பொருள் கேட்ட தில்லைவாழ் அந்தணரிடம் மாணிக்கவாசகர் நடராசரைக் காட்டி, இவரே பொருள் என்று சொல்லி மறைந்தார் என்பது கதை. அதனால் திருவாசகத்துக்கு உரை எழுதவே கூடாது என்றவர்கள் இருந்தார்கள். நல்லவேளையாக அந்தத் தடை நிலைக்கவில்லை. ஜி.யு.போப் 1900-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மறைமலையடிகள் விரிவுரை எழுதினார். யாழ்ப்பாணத்திலிருந்து நவநீதகிருஷ்ண பாரதியார் ஆராய்ச்சிப் பேருரை எழுதினார். திருவெம்பாவையில் ஒருவரை ஒருவர் எழுப்பும் பெண்களை நவசக்திகள் என்று சைவ உரைகள் கொண்டன. ஆராய்ச்சியாளர்கள் அதைச் சங்ககாலத் தைந்நீராடலோடு சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டையும் படித்தவருக்குப் பாட்டு குறையவில்லை.

ரமணரின் வழி இவற்றில் தனியானது. விரூபாட்ச குகையில் இருந்த நாட்களில், பிட்சைக்குப் போகும் அடியார்கள் பாடிச் செல்ல ஒரு பாட்டு கேட்டார்கள். அட்சரமணமாலை அப்படிப் பிறந்தது. பின்னர் அதற்குப் பொருள் கேட்டவரிடம், நீங்களும் யோசியுங்கள், நானும் யோசிக்கிறேன், பாடும்போது யோசித்துப் பாடவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார். முருகனார் விரிவான உரை எழுதினார். பாடியவரே தம் பாட்டின் மேல் கடைசிச் சொல்லை உரிமை கொண்டாடாமல் விட்டது, உரை சொல்லும் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டிய பெருந்தன்மை.

அருணகிரியார் கதைகளிலேயே உரை பற்றிய ஒன்று இருக்கிறது. கோபுரக் கதை அளவுக்கு அது பரவாதது வருத்தம். வில்லிபுத்தூரார் என்ற புலவர், தம்மிடம் தோற்றவர்களின் காதைத் துறட்டியால் அறுப்பாராம். அருணகிரியார் கந்தரந்தாதியைப் பாடப் பாட அவர் உரை சொல்லிக்கொண்டே வந்தார். தகர வரிசை எழுத்துகளாலேயே அமைந்த 54-ஆம் பாட்டில் திகைத்து நின்றார். அருணகிரியாரே பொருள் சொன்னார். தோற்றவரின் காதை அறுக்கவில்லை. இனி யார் காதையும் அறுக்காதீர்கள் என்று துறட்டியைக் கீழே போட வைத்தார். நடந்ததோ இல்லையோ, உரைச் சண்டையில் வன்முறை கூடாது என்று இந்த ஊர் சொல்லிவைத்த கதை அது. இதிகாசத்தைப் பற்றியோ புராணத்தைப் பற்றியோ ஒருவர் மாற்றாக ஒரு வரி சொன்னால் காவல் நிலையத்துக்கு ஓடும் நம் காலத்தில், இதை அடிக்கடி சொல்ல வேண்டும்.

உரை வெறும் புலவர் விளையாட்டு அல்ல. அதில் மனிதரின் பிழைப்பும் மானமும் தொங்குகின்றன. பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிய 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1972-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நியமனத்தில் ஆகமம் மீறப்படக் கூடாது என்றும் சொன்னது. 2006-இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்ற அரசாணை வந்தது. அதையொட்டித் தொடங்கப்பட்ட ஆறு பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று திருவண்ணாமலையில் இருந்தது. படித்து முடித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2015-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி ஆகமத்தின் பக்கம் கை காட்டியது. 2021 ஆகஸ்டில்தான் அப்படிப் பயின்றவர்களில் 24 பேருக்கு ஒரே நாளில் நியமனம் கிடைத்தது. இவ்வளவு காலமும் ஆகமம் அனுமதிக்கவில்லை என்ற சொல் ஓயாமல் கேட்டது. எந்த ஆகமம், எந்தப் படலம், யாருக்கு யார் சொன்னது, எந்தக் கோயிலுக்கு அது பொருந்தும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. சைவ ஆகமச் சுவடிகளின் பெருந்தொகுப்பு புதுச்சேரியில், பக்கத்திலேயே இருக்கிறது. யுனெஸ்கோ 2005-இல் அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. வழக்காடும் இரு தரப்பும் அதன் பதிப்புகளைத் தமிழில் எல்லோரும் படிக்கும்படி கொண்டுவரப் பாடுபட்டிருந்தால், அந்த இளைஞர்களின் வயது வீணாகியிருக்காது.

பல உரைகளுக்கு இடம் வேண்டும் என்றால், எல்லா உரையும் சமம் என்பது அதன் பொருளல்ல. பாட்டின் சொல்லும் யாப்பும் காலமும் தாங்காத உரையைத் தள்ளத்தான் வேண்டும். பக்தர் நம்பிக்கையோடு வாசிக்கலாம், ஆய்வாளர் ஐயத்தோடு வாசிக்கலாம்; இருவரும் பாட்டை முழுதாக வாசிக்கக் கடமைப்பட்டவர்கள். கோபுரத்திலிருந்து குதித்த கதையை நம்புகிறவர் நம்பிக்கையாக வைத்துக்கொள்ளட்டும். அதைத் திருப்புகழே சொல்கிறது என்று மட்டும் சொல்லக் கூடாது.

அருணகிரிநாதருக்கு விழா எடுப்பவர்களிடமும் திருப்புகழ் வகுப்பு நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஓர் அமர்வையாவது, வழக்கமாகத் தாண்டிப் போகும் பாடல்களுக்கு ஒதுக்குங்கள். முதல் அடி முதல் பெருமாளே வரை, தணிகைமணியின் உரையோடு, ஒன்றையும் விடாமல் படியுங்கள். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று அங்கேயே விவாதியுங்கள். அந்த மேடையில் பெண்களுக்கும் பேச இடம் கொடுங்கள்.